ஹட்டன் வழியே சிவனொளிபாத மலைக்கு: ஒரு பகல், ஓர் இரவு

டிசம்பர் மாத உந்துவப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி, மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது சிவனொளிபாத மலையின் யாத்திரைப் பருவம். இந்த மாதங்களில் இலங்கையின் எல்லாத் திசைகளிலிருந்தும் மக்கள் கூட்டம் கூட்டமாக மலையேற வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது ஹட்டன் வழியை. இரவில் பஸ்ஸில் வந்து இறங்கி, இருட்டிலேயே ஏறி, சூரியோதயம் பார்த்து, மதியத்துக்குள் ஊர் திரும்பிவிடுகிறவர்கள் பலர். வழியில் இருக்கும் தேயிலை மலைகளையும் அங்கே வாழும் மனிதர்களையும் அவர்கள் பார்ப்பதே இல்லை.

முதல்முறை போகிறவர்களுக்காகவும், பலமுறை ஏறியும் பகலில் அந்த வழியைப் பார்க்காதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரு பகலும் ஓர் இரவும் ஒதுக்கினால் போதும். இந்தப் பாதையை யார் யார் உழைத்து நமக்காக அமைத்துவைத்தார்கள் என்பது நடக்க நடக்கத் தெரியவரும்.

ஒரு மலை, நான்கு நம்பிக்கைகள்

மலையின் உயரம் 2,243 மீற்றர், அதாவது 7,359 அடி. இலங்கையின் மிக உயர்ந்த மலை இதுவல்ல. நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பீதுருதாலகாலை இதைவிட உயரம். ஆனால் சிவனொளிபாதம் சுற்றியுள்ள மலைகளிலிருந்து விலகி, கூம்பாக எழுந்து நிற்கிறது. அதனால் தொலைவிலிருந்தே அடையாளம் தெரியும். பழைய காலத்துக் கடலோடிகளுக்கும் இதுவே அடையாளமாக இருந்தது.

உச்சிப் பாறையில் ஏறக்குறைய 1.8 மீற்றர் நீளத்தில் பாதச் சுவடு போன்ற ஒரு பதிவு உள்ளது. பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம். சைவர்களுக்குச் சிவபெருமானின் பாதம். முஸ்லிம்கள் அதை ஆதம் நபியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். கிறிஸ்தவர்களில் ஒரு சாரார் புனித தோமையாரோடு சேர்த்துச் சொல்வார்கள். சிங்களத்தில் இதற்கு ஸ்ரீ பாத என்றும் சமனல கந்த என்றும் பெயர். தமிழிலும் இதன் புகழ் பழையது. இரத்தின தீவத்தின் சமந்த மலை உச்சியில் புத்தரின் பாதச் சுவடு இருப்பதை மணிமேகலை குறிப்பிடுகிறது.

மலையின் காவல் தெய்வம் சமன். பருவம் தொடங்கும்போது சமன் தெய்வத்தின் சிலை இரத்தினபுரி மாவட்டத்தின் பெல்மதுளையிலிருந்து ஊர்வலமாக உச்சிக்குக் கொண்டுசெல்லப்படும். பருவம் முடிந்ததும் அதே மரியாதையோடு கீழே இறக்கப்படும்.

எந்த வழி, எந்த நாள்

மூன்று வழிகள் பெயர்பெற்றவை. ஒன்று ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி வழி. இரண்டாவது இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலை வழி. மூன்றாவது குருவிட்டயிலிருந்து எரத்ன வழி. பின்னிரண்டும் நீளமானவை, கடினமானவை, காட்டுக்குள் செல்பவை. ஹட்டன் வழிதான் மிகக் குறுகியது. நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு, எங்கிருந்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஐந்து முதல் ஏழு கிலோமீற்றர் வரை சொல்வார்கள். தூரம் சிறிதாகத் தோன்றினாலும் அதற்குள் ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரம் ஏறவேண்டும். படிகளின் எண்ணிக்கை சுமார் 5,500 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் மேல்படிகளில் மணிக்கணக்கில் நின்று நின்றுதான் நகர முடியும். சாதாரண வார நாளில் போவது நல்லது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானம் தெளிந்திருக்க வாய்ப்பு அதிகம். பருவம் முடிந்தபின் படிகளில் விளக்கு எரியாது, கடைகள் இருக்காது. தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் பலத்த காற்றையும் கொண்டுவரும். அந்த நாட்களில் வழி தெரிந்தவர் துணையின்றி ஏறவேண்டாம்.

ஆயிரம் ஆண்டுகளாக வைத்த சோறு

இந்த மலைக்குப் போகும் வழிகளைப் பற்றிய பழைய செய்திகளில் திரும்பத் திரும்ப வருவது, நடப்பவர்களின் பசியை யார் ஆற்றினார்கள், ஆற்றைக் கடக்க யார் பாலம் போட்டார்கள் என்பதுதான். 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் விஜயபாகு, யாத்திரிகர்கள் படும் துன்பத்தை அறிந்து, வழிகளில் அவர்களுக்கு உணவளிக்க ஊர்களை மானியமாகக் கொடுத்ததைச் சூளவம்சம் என்ற வரலாற்று நூல் பதிவுசெய்கிறது. இரத்தினபுரிப் பக்கத்துக் கிலிமலை அவற்றில் ஒன்று. இன்றைய நுவரெலியா மாவட்டத்தின் அம்பகமுவையில் உள்ள அவருடைய கல்வெட்டும் இந்தத் தருமத்தைச் சொல்கிறது.

அதே கல்வெட்டில், தாழ்ந்தவர்கள் என்று அக்காலச் சமூகம் ஒதுக்கியவர்கள் வழிபட, பாதத்தின் முற்றத்துக்குக் கீழே தனியாக ஒரு முற்றம் அமைத்த செய்தியும் இருக்கிறது. பசிக்குச் சோறு கொடுத்த ஏற்பாடு, சேர்ந்து நின்று கும்பிட இடம் கொடுக்கவில்லை. இன்று எல்லோரும் ஒரே படியில் ஏறி, ஒரே முற்றத்தில் நிற்கிறோம். மலை பெற்ற மாற்றங்களில் இதையே நான் பெரிதாக நினைக்கிறேன்.

13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பராக்கிரமபாகுவின் அமைச்சர் தேவபதிராஜர், கம்பளையிலிருந்து உலப்பனை, அம்பகமுவை வழியாக மலைக்குப் பாதை திருத்திப் பாலங்கள் கட்டினார். இன்றைய ஹட்டன் பக்கத்து வழிக்கு முன்னோடி என்று அதைச் சொல்லலாம்.

1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா இங்கே வந்தார். அவரை மலைக்கு அனுப்பிவைத்தவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. மன்னர் பல்லக்கும் கொடுத்து, ஆண்டுதோறும் பாதத்துக்கு யாத்திரை செய்யும் யோகிகளையும் அந்தணர்களையும் சுமை தூக்குவோரையும் துணைக்கு அனுப்பினார். முஸ்லிம் பயணி ஒருவரைத் தமிழ் மன்னர் ஒருவர், சைவ யோகிகளின் துணையோடு, சிங்களவர் நாட்டு மலைக்கு அனுப்பிய செய்தி இது. செங்குத்தான பாறைகளில் பிடித்து ஏறச் சங்கிலிகள் இருந்ததையும் இப்னு பதூதா எழுதிவைத்திருக்கிறார்.

மலையின் நிர்வாகம் காலத்துக்குக் காலம் கைமாறியது. 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை மன்னர் முதலாம் இராஜசிங்கர் அதைச் சைவத் துறவிகளிடம் கொடுத்தார். 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கர் பௌத்த பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தார். நிர்வாகம் யாரிடம் இருந்தபோதும் யாத்திரிகர்களின் நடை நிற்கவில்லை.

பகல்: ஹட்டனிலிருந்து நல்லதண்ணி வரை

கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பதுளைக்குச் செல்லும் ரயில் ஹட்டனில் நிற்கும். காப்பிக்கும் தேயிலைக்குமாகப் போடப்பட்ட இந்த ரயில் பாதை 1884இல் ஹட்டனை எட்டியது. மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவது உண்டு. ஆகவே புறப்படுமுன் ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குச் சாலை வழியே சுமார் 33 கிலோமீற்றர். பருவகாலத்தில் நேரடி பஸ்கள் ஓடும்.

முழுத் தூரமும் நடக்க எல்லோராலும் முடியாது. என் யோசனை இது: காலையிலேயே ஹட்டனுக்கு வந்துவிடுங்கள். டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியா வரை பஸ்ஸில் போங்கள். அங்கே சாப்பிட்டுவிட்டு, நல்லதண்ணி நோக்கி உடம்பு இடம்கொடுக்கும் அளவுக்கு நடங்கள். கால் சோர்ந்தால் பின்னால் வரும் பஸ்ஸை மறிக்கலாம். சாலை குறுகியது, வளைவுகள் அதிகம். எதிரே வரும் வாகனம் கண்ணில் படும்படி வலது ஓரமாக நடப்பதும், இருட்டுமுன் நல்லதண்ணியை அடைவதும் அவசியம்.

நடக்கும்போது முதலில் கண்ணில் படுவது மவுசாக்கலை நீர்த்தேக்கம். 1960களின் இறுதியில் இந்த அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. இப்போதுள்ள நகரம் பிறகு அமைந்தது. கடும் வறட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய நகரத்து வழிபாட்டிடங்களின் எச்சங்கள் வெளியே தெரியும். மூட்டம் இல்லாத நாளில் நீருக்கு அப்பால் சிவனொளிபாதத்தின் முழு உருவமும் தெரியும். இரவில் ஏறப்போகும் மலையைப் பகலில் இப்படி முழுதாகப் பார்ப்பது மனத்தை ஆயத்தப்படுத்தும்.

இரண்டு பக்கமும் தேயிலை. 19ஆம் நூற்றாண்டில் காப்பி பயிரிடுவதற்காக இந்தப் பகுதியின் காடுகள் வெட்டப்பட்டன. 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இன்று வழிநெடுகப் பார்க்கும் பச்சை முழுவதும் மனிதர் கையால் நட்டது. நிரை பிடித்து நின்று கொழுந்து பறிக்கும் பெண்களையும், கவ்வாத்து வெட்டிய மலைகளையும், மடுவத்தில் கொழுந்து நிறுப்பதையும், தொழிலாளர் குடியிருப்புகளான லயன் வரிசைகளையும், பீலியில் தண்ணீர் பிடிக்கும் பிள்ளைகளையும் சாலையிலிருந்தே பார்க்கலாம். மாரியம்மன், முனியாண்டி கோயில்கள் தோட்டத்துக்குத் தோட்டம் உண்டு. தொழிற்சாலையின் பெரிய சக்கரத்தைக் காக்கும் ரோதைமுனியும் இந்த மக்களின் தெய்வம்.

படம் எடுக்குமுன் கேளுங்கள். கொழுந்து பறிப்பவர் வேலையில் இருக்கிறார், பறிக்கும் கிலோவைப் பொறுத்து அவருடைய நாட்சம்பளம் தீர்மானமாகிறது. லயன் முற்றம் அவர்களுடைய வீட்டு முற்றம். அனுமதியின்றி உள்ளே நடக்கவேண்டாம். கேட்டால் தண்ணீரும் தேத்தண்ணியும் தர மறுக்கும் வீட்டை இங்கே காண்பது அரிது.

நடந்தே வந்த மக்கள்

இந்தத் தோட்டங்களின் வழியே யாத்திரை போகிறவர்கள் இன்னொரு நடையையும் அறிந்திருக்கவேண்டும். 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்கு அழைத்துவரப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடாக மாத்தளை வரை நடந்தார்கள். அங்கிருந்து மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் பிரிந்தார்கள். பசியாலும் காலராவாலும் வழியிலேயே இறந்தவர்கள் ஏராளம். யாத்திரிகர்களுக்கு ஊர்களை எழுதிவைத்துச் சோறிட்ட நாட்டில், நாட்டின் செல்வத்தை உண்டாக்க வந்தவர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாட்டை அன்றைய ஆட்சி செய்யவில்லை.

அவர்களின் வழிவந்த மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது. மலையக மக்களோடு பிற சமூகத்தவரும் சேர்ந்து நடந்தார்கள். அது கோயிலுக்குப் போன நடை அல்ல. ஆனாலும் இறந்த முன்னோரை வணங்கி நடந்தவர்களின் நடையை யாத்திரை என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இரவு: படிகள்

நல்லதண்ணியில் மாலையே சாப்பிட்டு, சில மணி நேரம் தூங்குங்கள். சூரியோதயம் ஆறே கால், ஆறரை மணி அளவில். நடுத்தர வேகத்தில் ஏறுபவருக்கு மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். ஆகவே அதிகாலை ஒன்றரை, இரண்டு மணிக்குப் புறப்பட்டால் சரியாக இருக்கும். கூட்ட நாளென்றால் இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள். வேகமாக ஏறி மேலே சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலும் கஷ்டம்தான். வியர்த்த உடம்போடு குளிரில் காத்திருக்க நேரும்.

தொடக்கம் சுலபம். தேயிலைக்கு நடுவே மெல்ல ஏறும் பாதையில் மகர தோரணத்தைக் கடந்தால் சீத கங்குல ஓடை வரும். யாத்திரிகர்கள் அதன் குளிர்ந்த நீரில் முகம், கை, கால் கழுவி, மனத்தில் வேண்டிக்கொண்டு மேலே போவார்கள். அருகே ஜப்பானிய பௌத்தர்கள் கட்டிய வெள்ளைச் சமாதான தூபி நிற்கிறது. இதன் பிறகு தேயிலை முடிந்து காடு தொடங்கும். படிகளும் செங்குத்தாகும்.

வழியில் இந்திகட்டுபான என்ற இடத்தில் புத்தர் தம் கிழிந்த ஆடையைத் தைத்தார் என்பது ஐதீகம். ஊசியில் நூல் கோத்து அங்கே விட்டுச்செல்வது வழக்கம். வெள்ளை நூல்கள் வழிநெடுக ஓடுவதைப் பார்க்கலாம். தமிழர்கள் அரோகரா சொல்லி ஏறுவார்கள், சிங்களவர்கள் கருணாவை என்று எதிரே வருபவர்களை வாழ்த்துவார்கள். வயதான தாய்மாரைப் பிள்ளைகள் இருபுறமும் தாங்கி ஏற்றுவார்கள். அவர்களுக்கு எப்போதும் வழிவிடுங்கள். கடைசிப் பகுதியில் படிகள் மிகச் செங்குத்து. கம்பியைப் பிடித்து, ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று ஏறினால் போதும்.

வழியில் தேத்தண்ணிக் கடைகள் உண்டு. சில நாட்களில் தன்சல் வைத்து இலவசமாக உணவும் பானமும் கொடுப்பார்கள். விஜயபாகு காலத்துத் தருமம் இந்த வடிவில் தொடர்கிறது. இந்தக் கடைகளில் உள்ள அரிசி, மா, எரிவாயுக் குடுவை, தண்ணீர்ப் போத்தல் எல்லாமே மனிதத் தோளில் ஏறியவை. உங்களுக்கு மூச்சு வாங்கும் அதே படியில் சுமையோடு ஒருவர் ஏறுவார். விலை கீழேயுள்ளதைவிட அதிகம் என்று பேரம் பேசாதீர்கள்.

எடுத்துச்செல்ல வேண்டியவை சில: கதகதப்பான மேலாடை, காதை மூடும் தொப்பி, மழையங்கி, கைவிளக்கு, வியர்த்தால் மாற்ற ஒரு சட்டை, தடி, நிரப்பிய தண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் கடலை அல்லது பேரீச்சம்பழம். உச்சியில் விடியற்காலைக் குளிர் பத்துப் பாகைக்கும் கீழே இறங்குவது உண்டு. மழை பெய்தால் அட்டை வரும். காலில் சவர்க்காரம் பூசிக்கொள்வது நல்ல காப்பு. இதய நோயும் மூச்சுத் திணறலும் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புறப்படவேண்டாம்.

உச்சியில்

மேல் முற்றத்துக்குப் போகுமுன் காலணியையும் தொப்பியையும் கழற்றுங்கள். பாதத்தை வணங்கியபின் அங்குள்ள மணியை அடிப்பது வழக்கம். எத்தனையாவது முறை ஏறுகிறீர்களோ அத்தனை முறை அடிக்கவேண்டும். முதல்முறை ஏறியவருக்கு ஓர் அடி. பல அடிகள் தொடர்ந்து ஒலித்தால், அந்த வயோதிபரைச் சுற்றியிருப்பவர்கள் மரியாதையோடு திரும்பிப் பார்ப்பார்கள்.

சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கையே பார்ப்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கமும் போய்ப் பாருங்கள். மலையின் நிழல் பெரிய முக்கோணமாகப் பனிமூட்டத்தின்மேல் விழுந்து, சூரியன் ஏற ஏறச் சுருங்கும். வானம் மூடியிருந்தால் இது தெரியாது. அதற்காக யாத்திரை குறைந்துவிடாது.

இறக்கமும் கடமையும்

ஏற்றத்தைவிட இறக்கம்தான் முழங்காலைச் சோதிக்கும். தடியை ஊன்றி, சற்றுப் பக்கவாட்டில் மெதுவாக இறங்குங்கள். இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். இரவில் காணாத காட்டைப் பகலில் காணும் நேரமும் இதுதான். 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காடு, 2010இல் இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. வேறெங்கும் இல்லாத தாவரங்களும் உயிரினங்களும் இங்கே உண்டு.

நீருக்கும் இந்த மலைதான் தாய். நல்லதண்ணிப் பக்கத்துச் சரிவில் விழும் மழை மவுசாக்கலையில் சேர்ந்து, மஸ்கெலி ஓயாவாக ஓடி மின்சாரம் தருகிறது. பின்னர் கெஹெல்கமு ஓயாவோடு கலந்து களனி கங்கையாகிறது. கொழும்பின் குடிநீருக்காக அம்பத்தலையில் எடுப்பது அந்தக் களனி நீரைத்தான். மலையில் எறியும் பொலித்தீன் முதலில் காட்டு விலங்கின் வயிற்றுக்கும், தோட்டத்து மக்கள் குடிக்கும் ஓடைக்கும், பிறகு நம் எல்லோருடைய ஆற்றுக்கும் போகிறது. ஒவ்வொரு பருவத்திலும் தொண்டர்கள் மூட்டை மூட்டையாகக் குப்பை பொறுக்கி இறக்குகிறார்கள். குப்பை கீழே இறங்குவதற்கு வேறு வழியில்லை. தோளில் ஏறியது தோளில்தான் இறங்கவேண்டும்.

மன்னர்கள் ஊரைக் கொடுத்தார்கள், அமைச்சர் பாலம் கட்டினார், பெயர் தெரியாத எத்தனையோ பேர் கல்லைச் சுமந்து படி வைத்தார்கள். இன்றும் யாரோ ஒருவர் அரிசி மூட்டையோடு ஏறுகிறார். இவர்களுக்கு நாம் செலுத்தும் கைம்மாறு பெரியதாக இருக்கவேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஒரு துணிப்பை கொண்டுபோங்கள். நீங்கள் மேலே கொண்டுபோன ஒவ்வொரு போத்தலையும் உறையையும் அதில் போட்டு, ஹட்டன் வரை சுமந்து வாருங்கள். வழியில் கிடக்கும் பிறர் குப்பையில் ஒன்றையாவது சேர்த்து எடுத்து வாருங்கள்.